சால்னா சும்மா, சுக்காவுக்குக் காசு

திருநெல்வேலிப் பக்கம் புதிதாக ஒரு அசைவக் கடை திறந்தால் முதலில் விசாரிக்கப்படுவது புரோட்டா விலை. "அங்க புரோட்டா எவ்ளோவே?" என்பதுதான் கேள்வி. சுக்கா எவ்வளவு, ஈரல் எவ்வளவு, நாட்டுக்கோழி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. புரோட்டா விலை நியாயமாக இருந்தால் கடை நியாயமான கடை. இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தால் அது கொள்ளைக்காரக் கடை. ஊர் தீர்ப்பு அவ்வளவுதான்.

கடைக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால் மைதா ஏறினாலும், எண்ணெய் ஏறினாலும், மாதம் பிறந்தவுடன் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாறினாலும், புரோட்டாவில் ஒரு ரூபாய் கூட்ட அவர் ரொம்ப நாள் யோசிப்பார். உருண்டையைக் கொஞ்சம் சின்னதாகப் பிடிக்கச் சொல்வாரே தவிர விலையைத் தொடமாட்டார். "அந்தக் காலத்துல புரோட்டா தட்டு அகலம் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி வயசின் ஏக்கம் என்றாலும் மீதி உண்மைதான்.

சரி, புரோட்டாவில் பெரிதாக ஒன்றும் நிற்காது, சால்னாவோ கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும், அதற்குக் காசும் கிடையாது. அப்புறம் கடை எப்படி ஓடுகிறது?

பாளையங்கோட்டையில் இரவு எட்டு மணிக்குக் கூட்டமுள்ள ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து சப்ளையரின் வாயைக் கவனித்தால் பதில் கிடைக்கும். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் அவர் இலையைப் போட்டு, "எத்தனை தம்பி?" என்று மட்டும் கேட்பார். "ஆளுக்கு மூணு." அவ்வளவுதான், போய்விடுவார். அடுத்த மேசையில் மனைவி, குழந்தைகளோடு ஒருவர் வந்து உட்காருகிறார், கையில் கார் சாவி. அங்கே போனதும் அதே மனிதர் மூச்சு விடாமல் ஆரம்பிப்பார்: "சுக்கா சூடா இருக்கு சார், ஈரல் இருக்கு, குடல் இருக்கு, பெப்பர் சிக்கன், நாட்டுக்கோழி, காடை இருக்கு, பிள்ளைகளுக்கு முட்டை வீச்சு போடச் சொல்லட்டா?" ஒன்றுக்கும் விலை சொல்ல மாட்டார். "சுக்கா எவ்வளவு?" என்று கேட்கிறவர் பெரும்பாலும் "அப்ப வேண்டாம், ஒரு ஆம்லெட் போடுங்க" என்று முடிப்பார். கேட்காதவர் வாங்குவார். சுவரில் எழுதாமல் விட்ட அந்த விலைதான் கடையின் வருமானம்.

புரோட்டா அந்தப் பையன்களை உள்ளே அழைத்து வருகிறது, கூட்டம் இருப்பதுபோல் காட்டுகிறது, கல்லைச் சூடாக வைத்திருக்கிறது. வாடகையையும் மாஸ்டரின் நாள் கூலியையும் சைடு டிஷ் பார்த்துக்கொள்கிறது. ஒரே மாவு, ஒரே கல். ஆனால் ஒரு மேசையில் தலைக்கு ஐம்பது, இன்னொரு மேசையில் தலைக்கு முன்னூறு. இரண்டு மேசையும் சண்டை போடாமல் எழுந்து போகின்றன. எல்லாரிடமும் ஒரே விலை வாங்குகிறேன் என்று கடைக்காரர் சத்தியம் செய்தால் அதுவும் பொய்யில்லை.

மூன்று பேரும் ஒரு தள்ளுவண்டியும்

ஆளுக்கு ஏற்ற விலை என்றால் ஆளைப் பார்த்து ஏமாற்றுவது என்று நினைக்கிறோம். சில இடங்களில் அப்படித்தான், அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் இதன் அடிப்படைக் கணக்கில் திருட்டு எதுவும் கிடையாது.

நம் ஊர்களில் பாஸ்ட் புட் என்று போர்டு வைத்த தள்ளுவண்டிகளில் கிடைப்பது ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சிக்கன் 65. பெருமாள்புரத்தில் அப்படி ஒரு வண்டி நிற்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு சிக்கன் ரைஸுக்குச் சரக்குச் செலவு 45 ரூபாய். சாப்பிட மூன்று பேர் வருகிறார்கள். ஹாஸ்டல் மாணவனால் 50 ரூபாய்க்கு மேல் முடியாது. ஜவுளிக் கடை ஊழியர் 80 வரை கொடுப்பார். காரில் வந்தவருக்கு 120 என்றாலும் கவலையில்லை.

ஒரே விலை என்றால் என்ன வைப்பது? 50 வைத்தால் மூவரும் வாங்குவார்கள், ஆளுக்கு 5 ரூபாய், மொத்தம் 15 ரூபாய் நிற்கும். 80 வைத்தால் மாணவன் போய்விடுவான். மற்ற இருவரிடமும் 35, 35 என 70 நிற்கும். 120 வைத்தால் ஒருவர்தான் மிச்சம், ஆனால் அவரிடம் மட்டும் 75 நிற்கும். வெறும் லாபக் கணக்கு பார்த்தால் மற்ற இருவரையும் பட்டினி போட்டு 120க்கு விற்பதே புத்திசாலித்தனம்.

வண்டிக்காரர் அப்படிச் செய்வதில்லை. 'ஆஃப்' என்று ஒன்று வைக்கிறார், விலை 50. சரக்குச் செலவு 25, நிற்பது 25. 'ஃபுல்' 80, நிற்பது 35. 'ஸ்பெஷல்' என்று கூட ஒரு முட்டையும் நாலு துண்டு கோழியும் போட்டு 120. செலவு 60 ஆகிறது, நிற்பது 60. மொத்தம் 120 ரூபாய். மூவரும் சாப்பிட்டார்கள், வண்டிக்கும் எந்த ஒற்றை விலையையும்விட அதிகம் கிடைத்தது. யாரிடமும் "உன் பையில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்கவில்லை.

இதில் இன்னொன்றைக் கவனிக்கலாம். ஃபுல் 80 என்றால் ஆஃப் 40தானே இருக்க வேண்டும்? ஆஃபுக்குப் பாதி விலை வைக்கும் வண்டியைத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். பாதி விலை வைத்தால் ஜவுளிக் கடைக்காரரும் "இன்னைக்கு ஆஃப் போதும்" என்று இறங்கிவிடுவார். ஆஃப் வாங்குபவரின் வயிறு நிறையக் கூடாது, அதே நேரம் அவர் கோபித்துக்கொண்டும் போகக் கூடாது. சிக்கன் 65 இன்னும் நுணுக்கம், அது எடைக் கணக்கு. 50 கிராமுக்கும் ஆள் உண்டு, அரைக் கிலோ பார்சலுக்கும் ஆள் உண்டு. டியூஷன் முடித்து வரும் பள்ளிக்கூடப் பையனும் அந்த வண்டிக்கு வாடிக்கையாளர்தான்.

பொருளாதாரத்தில் இதை விலை வேறுபடுத்தல் என்பார்கள். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். ஒவ்வொரு ஆளிடமும் அவர் தரக்கூடிய உச்ச விலையையே வாங்குவது முதல் வகை. அளவை வைத்து விலையை மாற்றுவது இரண்டாவது. பொருளின் ரகத்தை மாற்றி விற்பதையும் இன்று இதில்தான் சேர்க்கிறார்கள், ஆஃபும் ஸ்பெஷலும் இந்த வகை. மாணவர், முதியவர் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்து விலை வைப்பது மூன்றாவது. சொல்லப்போனால் நம்மூர் ஓட்டல்கள் இரண்டாவது வகையில் கெட்டிக்காரர்கள். மூன்றாவது அவர்களுக்கு ஒத்துவராது. அடையாள அட்டை கேட்டுப் புரோட்டா போட ஆரம்பித்தால் கல் ஆறிவிடும்.

ஏன் இவ்வளவு கூட்டம்

விலைத் தந்திரம் மட்டும் கூட்டத்தைக் கொண்டுவந்துவிடாது. கூட்டம் வரக் காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டை கல்லூரிகளின் ஊர். சேவியர், ஜான்ஸ், சாரா டக்கர், சதக்கத்துல்லா அப்பா என்று வரிசையாக இருக்கின்றன. கூடவே விடுதிகள், தனி அறை எடுத்துத் தங்கும் பையன்கள். ஹைகிரவுண்டில் 1965இல் வந்த மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி. தென்காசி, தூத்துக்குடி ஜில்லாக்களிலிருந்தும் நோயாளியோடு கூட வந்தவர்கள் ராத்திரி பத்து மணிக்கு எதையாவது சாப்பிட்டாக வேண்டும். ஜவுளிக் கடை, நகைக் கடை ஊழியர்களுக்கு வேலை முடிவதே ஒன்பதரைக்கு. இவர்கள் எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: பத்து நிமிஷத்தில், சூடாக, வயிறு கனக்கிற மாதிரி.

அதற்கு மைதாவை அடிக்க வேறு ஒன்று இல்லை. 1956இல் கையெழுத்தான பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வரத் தொடங்கியது. அரிசி தட்டுப்பாடாக இருந்த அந்த வருஷங்களில் அரிசி தின்னும் சீமையில் கோதுமையும் மைதாவும் அடுக்களைக்குள் நுழைந்தன. இன்று புரோட்டா இல்லாத இரவு இந்தப் பக்கம் நினைத்துப் பார்க்க முடியாதது. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் இருக்கும் புரோட்டாக் கடையில் சாப்பிட கார் போட்டுப் போகிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்தது. அந்தப் பழைய எல்லையின் பெயர்தான் 'பார்டர்' என்று கடைக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது எல்லையே இல்லாத ஊர்களில்கூட 'பார்டர் புரோட்டா' போர்டு தொங்குகிறது. அந்தப் பெயருக்கென்றே பத்து ரூபாய் கூடத் தருபவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் போர்டு.

வீட்டுப் பக்கமும் ஒரு காரணம் உண்டு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் வாரத்தில் இரண்டு ராத்திரி பார்சல் என்பது ஆடம்பரமில்லை, மூச்சு விடும் இடம். "இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல" என்ற வார்த்தைக்குப் பின்னால் எத்தனை அலுப்பு இருக்கிறதோ அத்தனை பார்சல் ஓடுகிறது. உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு எல்லாம் சரிதான், ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ராத்திரிச் சமையலைச் செய்கிறவர்கள் இல்லை.

கூரை இல்லாத பெட்டி

ரயில் பயணம் புதிதாக இருந்த காலத்தில் ஐரோப்பாவில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டார்கள். வெயிலும் மழையும் நேராகத் தலையில். கூரை போட ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை. பின் ஏன்? ஜூல் துபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849இல் இதற்கு விளக்கம் சொன்னார்: ஏழையை வதைப்பது நோக்கமல்ல, கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார், அவரைப் பயமுறுத்தத்தான் ஏழையை நனைய விடுகிறார்கள். நூற்றெழுபது வருஷம் ஆகியும் இதைவிடத் தெளிவாக விலை ரகசியத்தை யாரும் சொல்லிவிடவில்லை.

வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ ஏதாவது ஒரு நடுத்தர ஓட்டலுக்குப் போய்ப் பாருங்கள். கீழே சாதா ஹால், மாடியில் ஏசி ஹால். சாம்பார் ஒரே அண்டாவிலிருந்துதான் இரண்டுக்கும் போகிறது. விலைப் பட்டியல் மட்டும் வேறு. ஏசிக்கு மின்சாரம் ஆகிறது, வாஸ்தவம். ஆனால் தோசைக்குத் தோசை கூட்டி வாங்கும் தொகை மின்கட்டணத்துக்கு மட்டும் என்று நம்ப முடியாது. கீழ் ஹாலில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதும், மேசை நெருக்கமாக இருப்பதும், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பதும் முழுக்கத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தில் வரியும் இதே கோட்டில்தான் பிரிந்தது. ஜிஎஸ்டி வந்த புதிதில் ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதம், ஏசி இல்லாததற்கு 12. 2017 நவம்பர் 15 முதல்தான் இரண்டும் 5 சதவீதம் ஆயிற்று. வரி ஒன்றான பிறகும் ஹால்கள் ஒன்றாகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் இது இன்னும் பழசு. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு. அளவுச் சாப்பாட்டில் சோறு ஒரு முறை, கூட்டு ஒரு முறை, அப்பளம் இருந்தால் அதிர்ஷ்டம். முழுச் சாப்பாட்டில் சோறு கேட்கக் கேட்க வரும், பாயசமும் வரலாம். வேடிக்கை என்னவென்றால் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்து அரை வயிறு சாப்பிடுபவர் முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டாவது சோற்றுக்கே கை காட்டி நிறுத்துவார். மூட்டை தூக்குபவர் அளவுச் சாப்பாட்டை வாங்கி, 'எக்ஸ்ட்ரா சாதம்' தனியாக வாங்குவதா வேண்டாமா என்று கணக்குப் போடுவார்.

இதற்கு எதிர்ப்பக்கம் அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கிப் பிறகு மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தது: இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ரேஷன் கார்டு கேட்பதில்லை, வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. காரில் வந்து இறங்கினாலும் ஒரு ரூபாய்தான். ஆனாலும் காரில் வருபவர் வருவதில்லை. டோக்கன் வாங்கும் வரிசை, நின்றுகொண்டே சாப்பிடுவது, குறிப்பிட்ட நேரம் மட்டும் என்பது எல்லாம் சேர்ந்து, யாருக்கு அந்த இட்லி தேவையோ அவரிடம் அதைக் கொண்டு சேர்க்கின்றன. மானியத்தைச் சரியான ஆளிடம் சேர்க்க அரசு படும் பாட்டைப் பார்த்தால், இந்த வரிசை செய்யும் வேலை பெரிய வேலை.

ஆளே தனக்கான வரிசையைத் தேர்ந்துகொள்வது ஒன்று. ஆளைப் பார்த்துக் கடை வரிசையைத் தீர்மானிப்பது வேறு. இந்தச் சீமைக்கு இரண்டாவதும் நன்றாகத் தெரியும். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் 1920களில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. அங்கே டீயின் விலை ஒன்றுதான், குவளை வேறு. விலை எல்லாருக்கும் சமமாக இருந்துவிட்டால் கடை நியாயமாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

கோபம் வரும் இடங்கள்

ஆஃப், ஃபுல், ஸ்பெஷல், ஏசி ஹால் எதற்கும் ஜனங்கள் கோபப்படுவதில்லை. வேண்டுமானால் எடு, வேண்டாமென்றால் விடு என்ற வழி திறந்திருக்கிறது. வழி அடைபட்ட இடத்தில்தான் வயிறு எரியும்.

நால்வழிச் சாலையில் ராத்திரி பஸ் நிற்கும் மோட்டல்களைத் தெரியாதவர் இருக்க முடியாது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி இடத்தில் சாப்பாடு, காசு இல்லை. பயணிக்கு ஆறின தோசை, விலை ஊரில் உள்ளதைப்போல ஒன்றரை மடங்கு. இதில் யார் உண்மையான வாடிக்கையாளர் என்று பார்த்தால் குழப்பம் தீரும். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவர் டிரைவர். அவர் போட்டிக் கடைக்குப் போய்விடக் கூடும், அதனால் அவருக்கு விலை பூஜ்யம். பயணிக்கு வேறு போக்கிடம் இல்லை, பஸ் பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிவிடும். அவர் சாப்பாட்டோடு டிரைவரின் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கொடுக்கிறார்.

தண்ணீர் பாட்டிலில் இந்தச் சண்டை கோர்ட் வரை போனது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கலாமா? ஓட்டலில் உட்காரவைத்துப் பரிமாறுவது வெறும் விற்பனை அல்ல, சேவையும் சேர்ந்தது, ஆகவே கூட வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டிக்கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்னொரு பக்கம், ஒரே பொருளுக்கு விமான நிலையத்தில் ஒரு எம்ஆர்பி, ஊரில் ஒரு எம்ஆர்பி என்று அச்சடிப்பதற்கு 2018 ஜனவரி முதல் தடை வந்தது.

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். சனி, ஞாயிறு என்றால் அறை வாடகை எங்கோ போய் நிற்கும். ஆனால் அறை வாடகை ஏறுகிற மாதிரி புரோட்டா விலை ஏறுவதில்லை. அறைக்கு வெளியூர்க்காரர்தான் ஆள். புரோட்டாவுக்கு மற்ற ஒன்பது மாதமும் உள்ளூர்க்காரர் வர வேண்டும். சீசனில் இருமடங்கு வாங்கினால் ஐப்பசியில் கல் காயும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் சில மணி நேரம்தான் அல்வா விற்பனை, வரிசை வளைந்து நிற்கும். விலையை ஏற்றி வரிசையைக் குறைக்கலாமே என்று பொருளாதாரம் படித்தவர் கேட்பார். அந்த வரிசைதான் கடைக்கு விளம்பரம். நேரமில்லாதவர் பக்கத்துக் கடைகளில் வாங்கிக்கொண்டு போகிறார். காத்திருக்கத் தயாராக இருப்பவர் காலால் விலை கொடுக்கிறார்.

1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். பெரும் பனிப்புயலுக்கு மறுநாள், பனி அள்ளும் மண்வெட்டியின் விலையைக் கடைக்காரர் 15 டாலரிலிருந்து 20 ஆக்கினால் சரியா? அநியாயம் என்றார்கள் 82 சதவீதம் பேர். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வெண்டிஸ் பர்கர் நிறுவனம் டிஜிட்டல் பலகை வைத்து நேரத்துக்கு நேரம் விலையை மாற்றும் திட்டத்தைச் சொன்னபோது கிளம்பிய எதிர்ப்பும் இதே ரகம். கூட்ட நேரத்தில் விலை ஏற்ற மாட்டோம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்து ஓய்ந்தது. இத்தனைக்கும் மத்தியானம் மூன்று மணிக்கு விலை குறைவு என்று போட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள். கணக்கு ஒன்றுதான். குறைப்பதாகச் சொன்னால் சலுகை, கூட்டுவதாகச் சொன்னால் கொள்ளை.

இதை நன்றாகப் படித்துக்கொண்டவை வெளிநாட்டுச் சங்கிலிக் கடைகள். கேஎஃப்சி 1995இல் பெங்களூருக்கும், மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லிக்கும் வந்தன. மெக்டொனால்ட்ஸ் 2004இல் 20 ரூபாய்க்குச் சில பண்டங்களை வைத்தது. அந்த 20 ரூபாய் பர்கர் செய்த வேலை நம் புரோட்டா செய்யும் வேலைதான்: வாசலைத் தாண்டி உள்ளே கூட்டிவருவது. வந்தவர் கோலாவும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்குவார். காம்போ, மீடியம், லார்ஜ், புதன்கிழமை பக்கெட் எல்லாம் அதே ஆஃப், ஃபுல், ஸ்பெஷலின் பளபளப்பான அவதாரம். கூப்பனும் அப்படியே. தேடி எடுத்து, பத்திரமாக வைத்து, மறக்காமல் நீட்டுபவருக்குத்தான் பத்து ரூபாய் பெரிது. மற்றவர் முழு விலை கொடுப்பார். நம் ஊர்ப் பிரியாணிக் கடைகள் திறப்பு விழாவுக்குப் பழைய 5 பைசா, 10 பைசா நாணயம் கொண்டு வந்தால் பிரியாணி என்று அறிவிப்பதும் கூப்பன்தான், கொஞ்சம் கலாட்டா கூடுதல்.

ஒரே பிரியாணி, இரண்டு விலை

இப்போது எல்லாரும் முணுமுணுப்பது, போனிலேயே சாப்பாடு வரவழைக்கும் ஆப்களின் விலை. கடையில் 150 ரூபாய்ப் பிரியாணி போனில் 190 என்று காட்டுகிறது. கடைக்காரரைக் கேட்டால் கமிஷன் என்பார். கணக்குப் போட்டால் அவர் சொல்வது பொய்யில்லை: 25 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் 190இல் 47 ரூபாய் 50 காசு போய், கைக்கு வருவது 142 ரூபாய் 50 காசு. கூட வாங்கியும் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதற்கு மேல் டெலிவரிக் கட்டணம்; 2023இல் 2 ரூபாயில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும், ஆப் தனக்கென்று வாங்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம்; பிறகு வரி. 2022 ஜனவரி 1 முதல் ஆப் மூலம் விற்கும் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி கட்டுவது ஆப்பின் பொறுப்பு, கடை பதிவே செய்யாத சின்னக் கடையாக இருந்தாலும் சரி. ஆக, தள்ளுவண்டியில் நின்று வாங்கினால் வரியில்லாத ஃபிரைடு ரைஸ் போனில் வாங்கினால் வரி போட்ட ஃபிரைடு ரைஸ்.

வீட்டை விட்டு நகர முடியாதவர், நகர மனமில்லாதவர் என்று தனியாக ஒரு கூட்டம் பிரிந்து வந்துவிட்டது, அவர்களுக்கு ஒரு விலை. இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. புதிது என்னவென்றால் யார் எப்போது வாங்குகிறார், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார் என்று ஆப்புக்குத் தெரியும். பிகூ சொன்ன முதல் வகை, ஆளுக்கொரு விலை, அவர் காலத்தில் வெறும் கற்பனைதான். எந்தக் கடைக்காரருக்கும் எல்லார் மனசும் தெரியாதே.

ஊர்க் கடைக்காரருக்குக் கொஞ்சம் தெரியும். தினமும் வரும் லோடு ஆளுக்குப் பற்று எழுதிச் சனிக்கிழமை கூலி வந்ததும் வாங்கிக்கொள்வார்; வட்டி இல்லாத அந்தக் கடன்தான் அவருக்கான தள்ளுபடி. பல வருஷ வாடிக்கைக்காரருக்குப் பில் 205 என்றால் "அந்த அஞ்ச விடுங்க அண்ணாச்சி" என்பார். பழகிய முகத்துக்கு ஒரு கரண்டி சால்னாவோடு இரண்டு துண்டு கறியும் தெரியாமல் விழுவதுபோல் விழும். பட்டியலில் விலை ஒன்றுதான், கொசுறில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

ஆப் இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதல் முறை வருகிறவருக்குப் பெரிய கூப்பன், ஒரு மாதமாக எட்டிப் பார்க்காதவருக்கு "உங்களைக் காணோமே" என்று இன்னொரு கூப்பன். வாரம் நாலு முறை வாங்கும் விசுவாசிக்கு அவ்வளவு கவனிப்பு இல்லை. அவர் எப்படியும் வாங்குவார். பாளையங்கோட்டைப் பிள்ளைகள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அறையில் நாலு பேர் இருந்தால் நாலு போனையும் திறந்து பார்த்து, யாருக்குக் கூப்பன் வந்திருக்கிறதோ அவன் போனில் ஆர்டர் போடுகிறார்கள். மற்ற மூன்று போனும் அடுத்த மாதக் கூப்பனுக்காகச் சும்மா கிடக்கின்றன.